வன்னிப் பிள்ளைகளுக்கு விளையாட்டு: கிண்ணப் போட்டி வைப்பதா, வேறு வழி இருக்கிறதா?

பனிக்குளிர் (ரொறன்ரோ)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் ஒன்றியம் கோடை ஒன்றுகூடலில் கொஞ்சப் பணம் சேர்த்து வைத்திருக்கிறது. ஊர் கிளிநொச்சிப் பக்கம்; பெயர் இப்போது வேண்டாம், பிறகு சண்டை வரும். இந்த முறை கோயிலுக்கும் இல்லை, மண்டபத்துக்கும் இல்லை, பிள்ளைகளுக்குத்தான் என்று முடிவாகிவிட்டது. அதுவரை வந்ததே பெரிய விஷயம்.

பெரும்பாலானோர் கேட்பது உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பாடசாலைகளிலிருந்து பதினாறு அணிகள், 16 வயதுக்குட்பட்ட ஆண்கள், போரில் போனவர்களின் நினைவாக ஒரு சுழல்கிண்ணம். சீருடை, சாப்பாடு, பரிசு எல்லாம் எங்கள் பொறுப்பு. "விளையாட்டு மனக்காயத்தை ஆற்றும்" என்று ஒருவர் கூட்டத்தில் பேச, எல்லோரும் கைதட்டினார்கள்.

எனக்கு இரண்டு கேள்வி. இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் அநேகம் பேர் போர் முடிந்த 2009க்குப் பிறகு பிறந்தவர்கள். ஷெல் சத்தமே கேட்காதவர்களைப் போரால் பாதிக்கப்பட்டவர்கள் என்று சொல்வது சரியா? அடுத்தது, ஒரு கிண்ணப் போட்டி உண்மையில் ஒரு பிள்ளைக்கு என்ன செய்யும்? அங்கே இருப்பவர்களும் இந்தத் துறையில் வேலை செய்தவர்களும் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முன் எனக்கு ஒரு தெளிவு வேண்டும்.

பற்றைவேலி (முல்லைத்தீவு)

நான் உடற்கல்வி ஆசிரியர். இப்படிப்பட்ட சுற்றுப்போட்டி எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், பிறகு நீங்களே யோசியுங்கள்.

கடிதம் வரும். மூன்று கிழமையில் போட்டி. புதிதாக யாரையும் பழக்க நேரம் இல்லை. ஏற்கெனவே வலய மட்டத்தில் விளையாடுகிற அதே பெடியளைத்தான் கூப்பிடுவேன். சின்னப் பாடசாலை அணி காலை எட்டரைக்கு வந்து இறங்கும். ஒன்பதரைக்குள் பெரிய பாடசாலையிடம் ஆறு கோல் வாங்கும். பிறகு பின்னேரம் பரிசளிப்பு முடியும் வரை மரத்தடியில் குந்தியிருக்கும். பிரதம விருந்தினர் பேசி முடிக்காமல் சாப்பாட்டுப் பார்சல் வராது. கிண்ணம் ஏதோ ஒரு அதிபரின் அறையில் கண்ணாடி அலுமாரிக்குள் ஏறும். என் பாடசாலையில் இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகள். அணியில் போனவர்களைத் தவிர மற்றவர்களுக்குப் போட்டி நடந்ததே தெரியாது.

உங்கள் முதல் கேள்வி. ஷெல் சத்தம் கேட்கவில்லை, சரி. தகப்பனின் உடம்பில் இரும்புத்துண்டு இருக்கிறது, மழை நாளில் அவரால் வேலைக்குப் போக முடியாது. நுண்கடன்காரர் வருகிற நாளில் பிள்ளை வகுப்பில் இருக்காது, தாயோடு எங்காவது போயிருக்கும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கியது தெரியும்தானே. அந்தக் கொட்டகைக்குள் அம்மம்மாவின் மடியில் வளர்ந்த பிள்ளைகள் இப்போது எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். மாமாவின் படத்தைத் தூக்கிக்கொண்டு நின்ற பிள்ளையிடம் போய், நீ 2009க்குப் பிறகு பிறந்தவன், உனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது.

உதைபந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. பந்து தாருங்கள். நிறையத் தாருங்கள்.

அரசடிச் சந்தி (யாழ்ப்பாணம்)

சேர் சொல்வது பாதிதான் சரி. கிண்ணம் என்றால் பெடியளுக்கு ஒரு கனவு. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் 1904இலிருந்து மோதுகின்றன, வடக்கின் பெரும் போர் என்று பெயர். இன்றைக்கும் அந்த நாட்களில் ஊரே மத்திய கல்லூரி மைதானத்துக்குப் போகும். ஒரு பாடசாலைக்கு அப்படி ஒரு நாள் இருப்பது சின்ன விஷயமா? 2012இல் முரளி கிண்ணம் தொடங்கியபோது கிளிநொச்சியிலும் ஒட்டுசுட்டானிலும் மாங்குளத்திலும் ரி-20 நடந்தது. சர்வதேச வீரர்களைக் கிட்ட நின்று பார்த்த பிள்ளை அதை மறக்குமா? உளவளத்துணை, பகிர்வு வட்டம் என்று சொல்லிப் பிள்ளைகளைப் பாயில் இருத்தி வைத்துக் கதை கேட்கிறார்கள். அதைவிட ஓடவிடுவது மேல்.

பற்றைவேலி

தம்பி, வடக்கின் பெரும் போருக்குப் பின்னால் இரண்டு பெரிய மைதானமும், நூறு வருடப் பழைய மாணவர் சங்கங்களும், முழுநேரப் பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். எங்களிடம் அரைவாசி கிரவல், அரைவாசி நெருஞ்சி. கனவு வேண்டாம் என்று சொல்லவில்லை, நெருஞ்சி பிடுங்கவும் ஆள் வேண்டும் என்கிறேன்.

மட்டுவாவி (மட்டக்களப்பு)

நீண்ட பதிவு, மன்னிக்கவும். உளசமூகப் பணியில் பல வருடம் இருந்தவள் என்பதால் கை நிற்காது.

பனிக்குளிர் அண்ணை, உங்கள் கூட்டத்தில் கைதட்டு வாங்கிய அந்த வசனத்தை உகண்டாவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். வட உகண்டாவில் குலு என்று ஒரு இடம். இருபது வருடம் போர், ஆயிரக்கணக்கில் கடத்தப்பட்ட சிறுவர்கள், சனம் முழுக்க முகாமில். போர் ஓய்ந்த பிறகு அங்கே 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு 11 கிழமை நீளும் உதைபந்தாட்ட லீக் ஒன்றை நடத்தினார்கள். சமாதானச் செய்திகளும் அதோடு சேர்ந்திருந்தன. லீக்கில் சேர்ந்தவர்களையும் சேரக் காத்திருந்தவர்களையும் ஒப்பிட்டார்கள், 2014இல் முடிவு வெளிவந்தது. பிள்ளைகளின் உடல் தகுதி கூடவில்லை. பெண் பிள்ளைகளின் மனநிலையில் மாற்றம் இல்லை. ஆண் பிள்ளைகளிடம் மனச்சோர்வும் பதற்றமும் காத்திருந்தவர்களைவிட அதிகமாக இருந்தன.

அதே வட உகண்டாவில் 2007இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு. முகாமில் இருந்த 14 முதல் 17 வயதுப் பிள்ளைகள் 314 பேர். ஒரு பகுதியினருக்குக் குழுவாக இருந்து பேசும் உளச்சிகிச்சை, இன்னொரு பகுதியினருக்கு ஆக்க விளையாட்டு, மிச்சப் பேருக்கு அப்போதைக்கு ஒன்றும் இல்லை. மனச்சோர்வைக் குறைத்தது சிகிச்சை, அதுவும் பெண் பிள்ளைகளிடம். ஆக்க விளையாட்டால் மனச்சோர்வு குறையவில்லை.

அரசடித் தம்பி, பாயில் இருத்திக் கதை கேட்பதைப் பற்றிச் சொன்னீர்கள். அதையும் எங்கள் வடக்கிலேயே சோதித்தார்கள். பாடசாலைக்குள் 15 அமர்வு, 399 பிள்ளைகள், 2012இல் முடிவு. ஆண் பிள்ளைகள் சிலருக்கும் வயது குறைந்தவர்களுக்கும் பயன் இருந்தது. ஆனால் அமர்வில் இருந்த பெண் பிள்ளைகள், அமர்வே கிடைக்காத பெண் பிள்ளைகளைவிட மெதுவாகத்தான் தேறினார்கள். அதனால் உங்கள் சந்தேகத்துக்கும் இடம் இருக்கிறது.

நான் இவற்றை எடுத்துச் சொல்வது விளையாட்டைக் கைவிடச் சொல்லி இல்லை. பந்தைக் கண்டதும் காயம் ஆறும் என்று நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள் என்பதற்குத்தான். யார் நடத்துகிறார்கள், தோற்ற பிள்ளைக்கு அன்று பின்னேரம் என்ன நடக்கிறது, அடுத்த கிழமையும் அதே ஆள் அங்கே நிற்பாரா, இவற்றைப் பொறுத்துத்தான் எல்லாம்.

எங்கள் ஊரில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பில் 1996இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறந்தார்கள். இயேசு சபைக் குருவானவர் போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் முன்நின்று தொடங்கியது. அப்போது போர் நடந்துகொண்டிருந்தது. படுகொலைகளும் இடம்பெயர்வும் கண்ட தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டிவருவார்கள். மண்ணில் உருவம் செய்வார்கள், வண்ணம் தீட்டுவார்கள், கதை கட்டுவார்கள், மிருகங்களோடு இருப்பார்கள். வெற்றி தோல்வி கிடையாது, பரிசு கிடையாது. அதே பிள்ளைகள் அதே ஆட்களிடம் மாதக்கணக்கில் கிழமை தவறாமல் வருவதுதான் அதன் முறை. அந்த ஒழுங்கைத்தான் பிற்காலத்தில் வந்த நிறுவனங்களால் பிடிக்க முடியவில்லை. திட்டம் ஆறு மாதம், அறிக்கை ஏழாவது மாதம், எட்டாவது மாதம் ஆளே இல்லை.

கோவைவாசி

வணக்கம். நான் தமிழ்நாடு. ஒரு சந்தேகம் கேட்கலாமா? ஃபுட்பால் விளையாடினால் மனச்சோர்வு அதிகமாகும் என்பது எனக்குப் புரியவில்லை. எங்கள் ஊரில் பையன்கள் கிரவுண்டுக்குப் போனால் வீட்டுக்குத் திரும்பி வரவே மாட்டார்கள். அது எப்படிக் கெடுதல் ஆகும்?

மட்டுவாவி

நல்ல கேள்வி தம்பி. ஆய்வு செய்தவர்கள் காரணம் இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்லவில்லை. களத்தில் பார்த்ததை வைத்து என் ஊகத்தைச் சொல்கிறேன்.

உங்கள் ஊர்ப் பையன்கள் தாங்களாகப் போகிறார்கள். தோற்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். பெரியவர்கள் யாரும் எல்லைக்கோட்டில் நின்று கத்துவதில்லை. லீக் என்று வந்துவிட்டால் புள்ளிப்பட்டியல் வந்துவிடுகிறது, கிராமத்தின் மானம் வந்துவிடுகிறது. போரில் எல்லாவற்றையும் இழந்த ஊருக்கு அந்த மானம் மிகப் பெரியது. பெனால்டியைத் தவறவிட்ட பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மேல் அது மொத்தமாக இறங்கும். வீட்டில் அதை ஆற்றுகிற நிலையில் ஆள் இல்லையென்றால் என்ன ஆகும்? ஏற்கெனவே தன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு இன்னும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு பல வருடமாக எழுதியது இதைத்தான். போர் தனி ஆளின் மனதோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துக் குலைக்கிறது. அதனால் பிள்ளையை மட்டும் தனியாக எடுத்துப் பழுதுபார்க்க முடியாது, சுற்றி இருக்கிற ஆட்களையும் ஒழுங்குகளையும் சேர்த்துத்தான் மீட்க வேண்டும். விளையாட்டை நான் பார்ப்பது அந்த இடத்தில்தான். பிள்ளைக்கு மருந்து என்பதைவிட, ஊருக்கு ஒரு பின்னேரத்தைத் திருப்பிக் கொடுக்கிற வேலை.

உண்மையில் நோயாக இருக்கிற பிள்ளை, இரவில் தூங்காத, பேச்சு நின்றுபோன, தன்னைக் காயப்படுத்துகிற பிள்ளை, வைத்தியசாலை உளநலப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். பந்து அதற்குப் பதில் ஆகாது. அப்படிப்பட்ட பிள்ளையை முதலில் கண்டுபிடிக்கிறவர் பெரும்பாலும் விளையாட்டு சேராகத்தான் இருப்பார், அது வேறு விஷயம்.

கூடாரம்

வழக்கமாக வாசித்துவிட்டுப் போகிறவன். இன்றைக்கு எழுதத் தோன்றுகிறது.

நான் செட்டிக்குளம் மனிக்பாமில் இருந்தவன், இராமநாதன் முகாம். எனக்கு அப்போது ஒன்பது வயது. போர் முடிந்த நேரம் மூன்று லட்சத்துக்குக் கிட்ட இடம்பெயர்ந்த சனத்தை அந்த முகாம்களுக்குள் வைத்திருந்தார்கள், கடைசி ஆட்கள் வெளியே வந்தது 2012 செப்ரெம்பரில். சிறுவர் இடம் என்று சொல்லி ஒரு கொட்டகை இருந்தது, நிறப்பென்சில் தந்தார்கள். நல்ல அக்காமார். ஆனால் நாங்கள் கூடுதலாக விளையாடியது தண்ணீர் வரிசையில்தான். வரிசையில் வாளியை வைத்துவிட்டு இடம் பிடித்துக்கொண்டு கிளித்தட்டு மறிப்போம். ஷொப்பிங் பையைச் சுருட்டி ரியூப் பட்டி கட்டினால் பந்து, கூடாரத் தடி துடுப்பு.

இன்னொரு விளையாட்டும் இருந்தது. ஒருவன் வாயால் விசில் மாதிரிக் கூவுவான், எல்லோரும் விழுந்து படுக்க வேண்டும். ஒருவன் "செத்துப்போவான்", அவனை இழுத்துக்கொண்டு போய்ப் பங்கருக்குள் போடுவோம். பெரியவர்கள் கண்டால் தடி எடுத்துக்கொண்டு வருவார்கள். இப்போது யோசித்தால் அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று விளங்குகிறது. எங்களுக்கு அது சும்மா ஒரு விளையாட்டு.

அக்கா, அதை நிறுத்தியது சரியா?

மட்டுவாவி

தடி எடுத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், தம்பி. அன்றைக்கு அந்த விசில் சத்தம் அவர்களை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்.

பொதுவாகச் சொன்னால், பிள்ளைகள் கண்டதை விளையாட்டாக்குவது இயல்பு. போர் நடந்த எல்லா நாட்டிலும் பிள்ளைகள் போர் விளையாடுகிறார்கள். நாங்கள் பார்ப்பது அது மாறுகிறதா என்று. முடிவு ஒரு நாள் ஒரு மாதிரி, இன்னொரு நாள் வேறு மாதிரி, இன்று நீ செத்தவன் நாளை நான், ஒரு நாள் டொக்டர் வந்து காப்பாற்றுகிறார், சிரிப்பு வருகிறது என்றால் விட்டுவிடலாம். ஒரே பிள்ளை ஒரே முடிவையே திரும்பத் திரும்ப ஆடி, ஆடிய பிறகும் உடம்பு விறைத்தபடி இருந்தால், மற்றப் பிள்ளைகளை வருத்தினால், அப்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் போய் இருக்க வேண்டும். தடியோடு இல்லை. "பங்கருக்குள் யார் யார் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தண்ணீர் இருக்கிறதா" என்று கேட்டாலே விளையாட்டு வேறு பக்கம் திரும்பிவிடும்.

வடகடல் (டென்மார்க்)

இங்கே டென்மார்க்கிலிருந்து தொடங்கிய ஒன்றைச் சொல்கிறேன், அண்ணைக்கு உதவலாம். பொஸ்னியாப் போர் 1995இல் முடிந்தது. 1998இல் அண்டர்ஸ் லெவின்சன் என்ற டேனிஷ்காரர் அங்கே மகிழ்ச்சி உதைபந்துப் பள்ளிகள் என்று தொடங்கினார். போரில் எதிரெதிராக நின்ற நகரங்களை இரண்டு மூன்றாகச் சேர்ப்பார்கள். அந்த ஊர்களிலிருந்து ஏறத்தாழ 200 சின்னப் பிள்ளைகள், ஐந்து நாள். திறமை பார்த்து எடுப்பது இல்லை, வருகிறவர்கள் எல்லோரும் விளையாடுவார்கள். ஒரே ஊர்ப் பிள்ளைகள் ஒரே குழுவில் குவியாதபடி கலந்து போடுவார்கள். பயிற்றுநர்களும் இரண்டு பக்கத்து ஆட்கள்.

இதில் எனக்குப் பிடித்தது பெரியவர்களைப் பற்றிய பகுதி. மைதானம் திறக்க வேண்டும், சாப்பாடு வர வேண்டும், வாகனம் வேண்டும். இதற்காக இரண்டு நகரசபையும் இரண்டு கழகமும் தொலைபேசியில் பேசியே ஆக வேண்டும். ஒருவரோடு ஒருவர் முகம் கொடுக்காத ஆட்கள் பந்துக் கணக்குப் பேசுகிறார்கள். பிள்ளைகள் ஐந்து நாளில் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அந்தத் தொலைபேசி இலக்கங்கள் மிஞ்சும்.

கொலம்பியாவில் வேறொரு வகை உதைபந்து இருக்கிறது. 1994 உலகக்கிண்ணத்தில் சொந்தக் கோல் போட்ட அந்திரேஸ் எஸ்கோபாரை மெதெயின் நகரில் சுட்டுக்கொன்றார்களே, அதற்குப் பிறகு அந்த நகரத்தில் தெருச் சண்டைக் குழுப் பெடியளுக்காகத் தொடங்கியது. அணியில் பெண் பிள்ளைகள் கட்டாயம் இருக்க வேண்டும், முதல் கோலை அவர்கள்தான் போட வேண்டும். நடுவர் இல்லை. ஆட்டத்துக்கு முன் விதியைப் பேசி முடிவு செய்வார்கள், ஆடி முடிந்ததும் திரும்ப இருந்து யார் விதியை மதித்தார்கள் என்று பேசிப் புள்ளி போடுவார்கள். ஆட்டத்தில் வென்ற அணி பேச்சில் தோற்கலாம்.

அரசடிச் சந்தி

நடுவர் இல்லாமல் உதைபந்தா? எங்கள் பெடியளிடம் விட்டால் பேச்சு முடிய மூன்று நாள் ஆகும்.

வடகடல்

முதல் கிழமை அப்படித்தான் இருக்கும் 🙂

அரசடிச் சந்தி

சரி, பகிடியை விடுவோம். இந்தக் கலந்து விளையாடுகிற கதை இங்கே எப்படி முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். நல்லிணக்கம் என்று பெரிய பதாகை. தெற்கிலிருந்து ஒரு பஸ், வடக்கிலிருந்து ஒரு பஸ், ஒரு நாள் விளையாட்டு, ஒரு குழுப் படம், இராணுவச் சீருடைக்காரர் கையால் பரிசு. தகப்பனைத் தேடிக்கொண்டிருக்கிற வீட்டுப் பிள்ளை அந்தக் கையிலிருந்து கிண்ணம் வாங்கும்போது வீட்டில் என்ன பேசுவார்கள்? எங்கள் பக்கம் முன்பள்ளி ஆசிரியைக்கே பாதுகாப்பு அமைச்சின் கீழிருந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களம் சம்பளம் கொடுத்த இடங்கள் இருக்கின்றன. பொஸ்னியாவில் இரண்டு பக்கமும் சமமாகப் பேசியிருக்கலாம், இங்கே அப்படி இல்லை. முரளி கிண்ணத்தை நான் ஆதரித்தேன், இப்போதும் ஆதரிக்கிறேன், அது கிரிக்கெட் ஆட்கள் நடத்தியது. மற்றவை வேண்டாம்.

வடகடல்

அதை மறுக்கவில்லை, அண்ணை. அங்கேயும் குழந்தைகளை வைத்துப் படம் எடுத்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் கிளிநொச்சிப் பிள்ளை சிங்களப் பிள்ளையோடு ஒரு நாளும் விளையாடக்கூடாது என்றா சொல்கிறீர்கள்?

அரசடிச் சந்தி

விளையாடட்டும். யார் கூப்பிடுகிறார்கள், யார் பரிசு கொடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு விளையாடட்டும்.

மட்டுவாவி

இதில் நான் அரசடித் தம்பியின் பக்கம். எங்கள் கிழக்கில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பூங்காவில் ஒன்றாக இருந்தது மாதக்கணக்கில் வந்து போனதால் நடந்தது. ஒரு நாளில் நடக்கிற விஷயம் இல்லை. ஒன்றியத்தின் முதல் வருடப் பணத்தில் இதைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

இரட்டைப்பின்னல் (விசுவமடு)

எல்லோரும் பெடியளைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு வலைப்பந்தில் சரியான விருப்பம். தர்ஜினி சிவலிங்கத்தைத் தெரியும்தானே, எங்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இலங்கை அணிக்காக ஆசியக் கிண்ணம் வென்றவர். அவருடைய படத்தைப் புத்தக உறையில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

ஆனால் பயிற்சிக்கு விட எனக்குப் பயம். ஐந்தரைக்கு முடிந்தால் வீடு வர ஆறரை, வீதியில் வெளிச்சம் இல்லை. மைதானத்தில் பெண் பிள்ளைகள் உடுப்பு மாற்ற இடம் இல்லை, மலசலகூடத்துக்குத் தாழ்ப்பாள் இல்லை. மாதவிலக்கு வந்தால் அந்தக் கிழமை பயிற்சிக்குப் போக மாட்டாள். பிறகு, இந்த வயதில் பெண் பிள்ளை ஓடுகிறதைப் பார்க்க வேலியோரம் நிற்கிற கூட்டம். பயிற்றுகிறவர் ஆணாக இருந்தால் என் மாமியார் சண்டைக்கு வருவார். அவர் சொல்வது முழுக்கப் பிழை என்றும் நான் சொல்ல மாட்டேன். யார் என்று தெரியாத ஆளிடம் பிள்ளையை விட முடியுமா?

அதோடு ரியூசன். புலமைப்பரிசில் பரீட்சை என்று சொல்லி நாலாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. சின்னவள் பாடசாலையால் வந்து சோறு தின்னுகிற நேரத்தில் ரியூசன் வான் வாசலில் நிற்கும். உங்கள் பந்தை அவள் எப்போது உதைப்பது?

பற்றைவேலி

அக்கா, இதைத்தான் நான் எழுத நினைத்து விட்டுவிட்டேன். பதினாறு ஆண் அணி என்றவுடனேயே பாதிப் பிள்ளைகள் வெளியே. ஊன்றுகோலோடு வருகிற பிள்ளையும் வெளியே. என் வகுப்பில் பிறவியிலேயே கால் சரியில்லாத ஒரு பெடியன் இருக்கிறான், கிளித்தட்டில் தாச்சி அவன்தான். ஓட முடியாது, ஆனால் நடுக்கோட்டில் அவனை ஏமாற்றி ஒருவரும் தாண்ட முடியாது, கை அவ்வளவு நீளம். உதைபந்து லீக்கில் அவனுக்கு என்ன வேலை? கோடு கீறுகிற வேலை.

கிளித்தட்டுக்குச் சாம்பலும் கயிறும் போதும். எட்டுக்கோடு, கிட்டி, பேணிப்பந்து எல்லாம் அப்படித்தான். அம்மம்மாமாருக்கு விதி தெரியும், அவர்களைக் கூப்பிட்டால் வந்து பிழை பிடிப்பார்கள். கல்லை எறிந்து பிடிக்கிற கொக்கான் ஆடுகிறதில் எங்கள் ஊர்க் கிழவி ஒருவரை இன்னும் எந்தப் பிள்ளையும் வெல்லவில்லை. கரப்பந்துக்கு ஒரு வலை, இரண்டு கம்பம். நாட்டின் தேசிய விளையாட்டே அதுதான், எங்கள் பெரியவர்களும் அந்தி நேரத்தில் ஆடுவார்கள், பிள்ளைகள் சேர்ந்து நிற்கலாம்.

கோவைவாசி

கிளித்தட்டு என்றால் கோடு போட்டு மறித்து ஆடுவதுதானே? எங்கள் ஊரில் பசங்க மறந்தே போய்விட்டார்கள்.

பனிக்குளிர்

எல்லாவற்றையும் வாசித்தேன், நேற்று ஒன்றிய நிர்வாகத்தோடும் பேசினேன். உண்மையைச் சொன்னால், கிண்ணப் போட்டிக்குப் பதில் ஊரிலேயே ஆள் வைத்துப் பிள்ளைகளை விளையாட விடுகிற யோசனை பாதிப் பேருக்குப் பிடிக்கவில்லை. "கிண்ணத்தில் பெயர் வெட்டலாம், பதாகை கட்டலாம், யூரியூப்பில் போடலாம். ஒரு ஆளுக்கு மாதச் சம்பளம் கொடுப்பதை எப்படிப் படம் பிடிப்பது?" என்று ஒருவர் நேரடியாகவே கேட்டார். பணம் கொடுத்தவர்களுக்கு எதையாவது காட்ட வேண்டும் என்ற அவருடைய கஷ்டமும் விளங்குகிறது.

ரைட் டு ப்ளே என்ற அமைப்பின் தலைமையகம் எங்கள் ரொறன்ரோவில்தான். லில்லெஹமர் 1994 ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் எடுத்த நோர்வே வேகச் சறுக்கு (ஸ்பீட் ஸ்கேற்றிங்) வீரர் யோஹான் ஊலாவ் கொஸ் தொடங்கியது. அவர்களுடைய முறையில் ஒவ்வொரு விளையாட்டும் முடிந்ததும் பயிற்றுநர் பிள்ளைகளை வட்டமாக இருத்தி மூன்று விஷயம் கேட்கிறார்: இப்போது என்ன நடந்தது, இதுபோல உனக்கு முன்பு எப்போது நடந்தது, இனி இதை எங்கே பயன்படுத்துவாய். நிர்வாகத்தில் இதைச் சொன்னதும் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். வெளிநாட்டு அமைப்பு செய்தால்தான் எங்கள் ஆட்களுக்கு மதிப்பு!

இப்போதைக்கு நான் எழுதி வைத்திருப்பது: மூன்று சின்னப் பாடசாலை. ஒவ்வொன்றுக்கும் அந்த ஊரிலேயே இருக்கிற ஒரு பெண்ணும் ஒரு ஆணும், பகுதிநேர ஊக்குவிப்பாளர், கிழமையில் மூன்று பின்னேரம், இரண்டு வருடத்துக்குக் குறையாமல் கொடுப்பனவு. பணத்தில் பெரும்பகுதி அதற்கே போகும். பந்து, வலை, கயிறு, முதலுதவிப் பெட்டி. பெண் பிள்ளைகளின் மலசலகூடத்துக்குக் கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும். வருட முடிவில் ஒரு விளையாட்டு நாள், கிண்ணம் இருக்கும், ஆனால் கலந்த அணிகள், எல்லாப் பிள்ளையும் ஆட வேண்டும். கிண்ணம் இல்லாமல் நிர்வாகம் சம்மதிக்காது.

அரசடி அண்ணைக்குப் பிடிக்காது என்று தெரியும்.

அரசடிச் சந்தி

பிடிக்காமல் இல்லை. ஆனால் நல்லாய் விளையாடுகிற ஒரு பெடியன் அங்கே இருந்தால் அவன் எங்கே போவான்? கலந்த அணியில் ஆடி அவன் மாகாண மட்டத்துக்கு வர முடியாது. அவனுக்கும் ஒரு சப்பாத்தும் பஸ் காசும் ஒதுக்கி வையுங்கள். திறமை இருப்பதும் ஒரு குற்றமா?

மட்டுவாவி

நியாயமான கேள்வி, அதைச் சேருங்கள் அண்ணை. இன்னும் இரண்டு. ஊக்குவிப்பாளரை எடுக்கும்போது சிறுவர் பாதுகாப்பு விதிகளை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: பிள்ளையோடு தனியாக இருப்பதில்லை, அடிப்பதில்லை, தொலைபேசியில் தனியாகச் செய்தி அனுப்புவதில்லை, முறைப்பாடு யாரிடம் சொல்வது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், தொடக்கத்திலேயே போய்ச் சந்தியுங்கள். அடுத்தது, பிள்ளைகளின் முகத்தைப் படம் எடுத்து "போரால் பாதிக்கப்பட்ட சிறுவன்" என்று யூரியூப்பில் போடாதீர்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் அது அங்கே இருக்கும். மைதானத்தைக் காட்டுங்கள், பந்தைக் காட்டுங்கள், கொக்கான் ஆடுகிற அந்தக் கிழவி சம்மதித்தால் அவரைக் காட்டுங்கள்.

இரட்டைப்பின்னல்

பெண் ஊக்குவிப்பாளர் என்றால் என் மாமியாரை நான் பார்த்துக்கொள்கிறேன். ரியூசன் வானை யார் பார்ப்பது?

பற்றைவேலி

ரியூசனை எங்களால் நிறுத்த முடியாது அக்கா, அதிபர்களாலும் முடியாது. பாடசாலை விட்டவுடன் வீட்டுக்கு அனுப்பாமல் மூன்றேகால் வரை மைதானத்திலேயே வைத்திருந்தால் கொஞ்சம் பிடிக்கலாம். அதற்குப் பிள்ளைகளுக்கு ஏதாவது சாப்பிடக் கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் ஓடவிட முடியாது. அவித்த கடலையோ கௌபியோ போதும், தாய்மார் முறை வைத்துச் செய்வார்கள். பனிக்குளிர் அண்ணை, அதற்கும் கணக்கில் ஒரு வரி போடுங்கள்.

வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி பாடசாலை நேரத்துக்குப் பிந்திய வேலைக்கும் வேண்டும், கடிதத்தின் மாதிரி என்னிடம் இருக்கிறது, தனிச்செய்தியில் அனுப்புகிறேன். பந்து கனடாவிலிருந்து அனுப்ப வேண்டாம், கட்டணம் பந்தின் விலையைவிடக் கூட வரும். யாழ்ப்பாணத்திலேயே வாங்கலாம். தோல் பந்து கிரவலில் இரண்டு மாதம் தாங்காது, ரப்பர் பந்து எடுங்கள், சின்னவர்களுக்கு நாலாம் இலக்கம். பம்ப் ஒன்று வாங்கினால் ஊசி பத்து வாங்குங்கள். முதலில் தொலைவது ஊசிதான்.